க்ரெமோ வீட்டில் சீஸ் உருக்கிய மாலை

ஊர்ப் பெருமக்கள் அனைவரும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விளக்கு வைத்த பிறகு, எங்கள் ஊராட்சியின் முன்னாள் தலைவர் உயர்திரு சிப்ரியன் க்ரெமோ அவர்கள் தம் சொந்த வீட்டில், தம் சொந்தச் சட்டியில், தம் சொந்தக் கைகளால் சீஸ் உருக்கினார்கள்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் எங்கள் ஃப்ரிபூர் பக்கம் பிறக்காதவர்கள். இங்கே வருடம் முழுக்க மூன்று வேளையும் பெண்கள் அடுப்படியில் நிற்பதற்குச் சமையல் என்று பெயர். ஆண்பிள்ளை ஒருவன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரக்கரண்டியை எடுத்துச் சட்டிக்குள் எட்டுப் போட்டுக் கிண்டினால் அதற்குப் பாரம்பரியம் என்று பெயர். பூண்டு உரித்தது யார், ரொட்டி வெட்டியது யார், நாளைக் காலையில் சட்டியைச் சுரண்டிக் கழுவப்போவது யார் என்றெல்லாம் பாரம்பரியத்திடம் கேட்கக் கூடாது.

நான் பக்கத்து வீட்டு பிளாசித். அன்று என்னைக் கூப்பிட்டது விருந்துக்கு அல்ல, சாட்சிக்கு. சிப்ரியன் வேலியருகே வந்து, யாரும் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தி, சீஸ் துருவுவதிலிருந்து இறக்கிவைக்கும் வரை நான் அடுப்படியை விட்டு நகரக் கூடாது என்றும், கண்டதைப் பிறகு கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். தேர்தல் வாக்குச்சீட்டு எண்ணும் இடத்தில்கூட எங்கள் ஊரில் இவ்வளவு கண்டிப்புக் கிடையாது.

அவர் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன், ஆகஸ்டு முதல் தேதி, நாட்டின் பிறந்தநாள் விழா. அப்போது தலைவராக இருந்த சிப்ரியன், வியர்த்துக் கொட்டும் வெயிலில் கூடாரம் போட்டு, ஃப்ரிபூரிலிருந்து வந்த அமைச்சருக்கு முன்னால் ஊருக்கே ஃபாண்டூ என்கிற இந்த உருக்கிய சீஸைப் பரிமாறினார். இது தன் பாட்டனாரின் கைப்பக்குவம், மூன்று தலைமுறையாக வீட்டை விட்டு வெளியே போகாத ரகசியம் என்று ஒலிபெருக்கியில் பேசினார். பேச்சு முடிகிற நேரத்தில் கூடாரத்துக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவியின் அண்ணன் நோர்பேர் வந்தார். கையில், குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்த வெள்ளிநிறப் பை ஒன்று. சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் தயார்க் கலவை. பிரித்துக் கொட்டிச் சூடாக்கினால் ஃபாண்டூ ஆகிவிடும். அதை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்து, "ஏன் மாப்ளே, உங்க பாட்டனார் படத்தை இதுல போடாம விட்டுட்டாங்களே" என்று கேட்டார்.

முதலில் சிரித்தவர் அமைச்சர்தான். அடுத்து வந்த தேர்தலில் சிப்ரியன் விரல் விட்டு எண்ணக்கூடிய ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்.

அந்தப் பை யாருடையது என்பதில் ஊரில் இன்றுவரை இரண்டு கருத்து உண்டு. சிப்ரியனின் மனைவி யோலாந்துக்கு மட்டும் ஒரே கருத்துதான். கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம், சீஸ் பத்தாது, பின்பக்கமாக ஓடிப் போய் வாங்கி வா என்று கணவர் விரட்டியபோது ஓடிப் போய் வாங்கி வந்தவள் அவள். அதை அவள் வெளியே சொன்னதில்லை; என்னிடம் சொன்னதும் எல்லாம் முடிந்த பிறகுதான். சொல்லியிருந்தால் ஓர் அண்ணனும் ஒரு கணவரும் ஒன்பது வருடம் ஒரே தெருவில் எதிரெதிர் நடைபாதையில் போயிருக்க மாட்டார்களா, அல்லது இன்னும் மோசமாகியிருக்குமா, தெரியாது.

நோர்பேர் மலைமேல் தனியாக இருந்தார். மாடுகளை விற்றாகிவிட்டது, சீஸ் காய்ச்சிய கொப்பரையில் விறகு அடுக்கி வைத்திருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பனி விழுந்தால் அவர் வீட்டுக்குப் போகும் பாதை மூடிவிடும். போன குளிர்காலத்தில் வாசல் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்து, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் கொண்டுவந்த வண்டிக்காரர் பார்த்துத் தூக்கிவிட்டிருக்கிறார். அது தெரிந்ததிலிருந்து யோலாந்துக்கு ஒரே எண்ணம். தன் வீட்டின் கீழ்த்தளத்து இரண்டு அறைகள் பிள்ளைகள் போன பிறகு காலியாகக் கிடந்தன. இந்த வருடம் பனி விழுவதற்குள் அண்ணன் அங்கே வந்துவிட வேண்டும்.

அண்ணன் வர மறுக்கவில்லை. வீட்டுக்காரன் வாயால் கூப்பிடட்டும், வருகிறேன் என்றார். வீட்டுக்காரரும் கூப்பிட மறுக்கவில்லை. என் கையால் செய்த ஃபாண்டூவைத் தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்று அவன் வாயால் சொல்லட்டும், கூப்பிடுகிறேன் என்றார். இங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் ஜெனீவா. யார் யார் நாட்டுச் சண்டையையோ அங்கே மேசை போட்டுத் தீர்க்கிறார்கள். யோலாந்துக்கு வேண்டியிருந்தது இரண்டு பேர் வாயிலிருந்து ஆளுக்கொரு வார்த்தை. அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

நான் போனபோது சிப்ரியன் கறுப்பும் வெள்ளையுமாக எங்கள் மாநிலக் கொடி நிறத்தில் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார். மேசைமேல் இரண்டு சீஸ் துண்டுகள்: க்ருயேர் பாதி, வாஷ்ரேன் பாதி. இரண்டையும் என் மூக்கருகே கொண்டுவந்து முகரச் சொன்னார். முகர்ந்தேன். எந்தக் கடையில் வாங்கியது, எந்த மலைச்சரிவில் மேய்ந்த மாடு, எத்தனை மாதம் நிலவறையில் கிடந்தது என்று சொல்லி, மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்துக்கொண்டேன். பூண்டை நீளவாக்கில்தான் வெட்ட வேண்டும், குறுக்கே வெட்டுகிறவன் பக்கத்து மாநிலத்து பெர்ன்காரன் என்றார். சட்டியின் உட்புறமெல்லாம் பூண்டைத் தேய்த்தார். வெள்ளை ஒயினை ஊற்றிக் காயவிட்டு, க்ருயேரைப் பிடிபிடியாகப் போட்டுக் கிண்டினார். வாஷ்ரேன் கடைசியில், தீயைக் குறைத்த பிறகு. அது கொதித்துவிட்டால் நூல் நூலாகத் திரிந்துபோகும். கரண்டி நிற்கவே கூடாது என்பது அவர் சட்டம். வீட்டில் தீப்பிடித்தாலும் ஒரு கை கிண்டிக்கொண்டிருக்க மற்றக் கையால்தான் அணைக்க வேண்டும் என்றார். பேச்சு நிற்கவே கூடாது என்றும் ஒரு சட்டம் இருந்திருக்க வேண்டும்.

அவருக்குப் பின்னால் யோலாந்த் நேற்றைய ரொட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் மேல்தோல் இருக்கும்படி பார்த்து வெட்டினாள். தோல் இல்லாவிட்டால் முள்கரண்டியில் நிற்காது.  நடுவில் ஒருமுறை கீழே போய்விட்டு வந்தாள். கீழ் அறைகளில் அன்று காலையே சூடேற்றும் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள் என்பதும், கட்டிலுக்குப் புது உறை போட்டிருந்தாள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

நோர்பேர் பஸ் நிறுத்தத்திலிருந்து மூடுபனியில் நடந்து வந்தார். காய்ந்த பேரிக்காய் ஒரு பை கொண்டுவந்திருந்தார். அதைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, காலணி கழற்றும் பெஞ்சில் உட்கார்ந்தவர் உடனே எழுந்திருக்கவில்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது. அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை.

சிப்ரியன் கரண்டியை விடாமல், அடுப்படியிலிருந்தே எட்டிப் பார்த்தார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"என்ன மச்சான், மலையில ஏறி எறங்குற ஆளுக்கு எங்க தெரு மேட்டுக்கே மூச்சு வாங்குதா?"

"மூடுபனி" என்றார் நோர்பேர்.

ஆரம்பம் மோசமில்லை என்று நான் நினைத்தேன். யோலாந்தும் அப்படித்தான் நினைத்தாள் போலிருக்கிறது. மேசைத் துணியில் இல்லாத சுருக்கத்தை நீவிவிட்டாள்.

சட்டி மேசைக்கு வந்தது. ஸ்பிரிட் விளக்கின் நீலச் சுடருக்குமேல் சிப்ரியன் அதை உட்காரவைத்தார். ஒயின் ஊற்ற வந்தபோது நோர்பேர் தன் கோப்பையை உள்ளங்கையால் மூடினார். மாத்திரை சாப்பிடுவதாகவும், டாக்டர் குடிக்க வேண்டாம் என்று சொல்லியிருப்பதாகவும் சொன்னார். எதற்கு மாத்திரை என்று யோலாந்த் கேட்டாள். வயசுக்கு என்றார். அப்படியென்றால் டீ போடுகிறேன் என்றாள். டீ நோயாளிகள் குடிப்பது, எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எழுந்து போய்க் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபாண்டூவோடு தண்ணீர் குடித்தால் உருகிய சீஸ் வயிற்றுக்குள் இறுகிக் கல்லாகிவிடும் என்பது எங்களுக்கு ஞானஸ்நானத்தோடு கொடுக்கப்படும் அறிவு. அப்படிக் கல்லானவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரு சித்தப்பாவின் நண்பரைத் தெரியும். ஒயின், டீ, கிர்ஷ் என்கிற செர்ரிச் சாராயம், இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் மேசைக்கு வராது. நானும் ஃபாண்டூவோடு ஒருநாளும் தண்ணீர் குடித்ததில்லை. நான்கு மொழி பேசிக்கொண்டு எதிலும் ஒத்துப்போகாத நாட்டில், எல்லோரும் ஒரே குரலில் நம்பும் அறிவியல் இது ஒன்றுதான்.

சிப்ரியனின் கரண்டி நின்றுவிட்டது.

நோர்பேர் நின்றபடியே, சிப்ரியனைப் பார்த்துக்கொண்டே, டம்ளரைக் காலி செய்தார். இன்னொரு தடவை நிரப்பி மேசைக்குக் கொண்டுவந்து வைத்தார். மலைமேல் தன் அப்பா வாஷ்ரேன் ஃபாண்டூ செய்யும்போது ஒயினே சேர்க்க மாட்டார், சட்டியிலேயே தண்ணீர்தான் ஊற்றுவார், வீட்டில் ஒருவரும் கல்லாகவில்லை என்றார். அது உண்மை, மலைக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். சட்டியில் ஊற்றுவது வேறு, வயிற்றில் ஊற்றுவது வேறு என்றார் சிப்ரியன். வேறு வேறு என்றால், தான் எங்கே இருக்கிறோம் என்பது சீஸுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார் நோர்பேர். 

"ரெண்டு பேரும் உக்காருங்க" என்றாள் யோலாந்த். "ஆறிப்போகுது."

உட்கார்ந்தார்கள். நீள முள்ளில் ரொட்டியைக் குத்தி, சட்டிக்குள் விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தோம். சாட்சியாகக் கூப்பிடப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஃபாண்டூ நன்றாக இருந்தது. வழவழப்பும் மணமும் பதமாக இருந்தன. அந்த மனிதருக்கு உண்மையிலேயே கை இருந்தது. ஒலிபெருக்கி மட்டும் இல்லாமலிருந்திருந்தால் அவர் இன்றைக்கும் தலைவராக இருந்திருப்பார்.

 யோலாந்த் சாப்பிடாமல் அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோர்பேர் மெதுவாக மென்றார். விழுங்கினார். எல்லோரும் காத்திருந்தோம்.

"உப்பு சரியா இருக்கு" என்றார்.

"வேற?" என்றார் சிப்ரியன்.

"வேற என்ன? சீஸ் உருகியிருக்கு."

ஆனால் சொல்லிவிட்டு மறுபடியும் ரொட்டியைக் குத்தினார். பிறகு மறுபடியும். சிப்ரியன் அதைக் கவனித்தார். பரிசு பாதிதான் கிடைத்தது என்றாலும் பாதி கிடைத்துவிட்டது என்பதுபோல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ரொட்டியை எந்தக் கோணத்தில் குத்த வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். எனக்கு வயது ஐம்பத்தெட்டு.

அப்போது நோர்பேரின் முள் வெறுமையாக வெளியே வந்தது. ரொட்டி சட்டிக்குள் போய்விட்டது.

ரொட்டியைத் தவறவிட்டவன் அடுத்த பாட்டில் வாங்கித் தர வேண்டும். அது எழுதாத விதி. சிப்ரியன் மேசையைத் தட்டினார். மலைக்காரர் மாட்டிக்கொண்டார், மாடு பிடித்த கை ஒரு ரொட்டித்துண்டைப் பிடிக்கவில்லை என்று பரிகாசம் செய்தார். நோர்பேர் இடதுகைக்காரர். அந்தக் கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை மடக்கி நீட்டினார்.

"இன்னிக்கி இந்தக் கை நான் சொல்றதக் கேக்க மாட்டேங்குது" என்று சொல்லி, சிரித்தார்.

சிப்ரியனும் சிரித்தார். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் சிரித்ததைப் பார்த்து யோலாந்தும் சிரித்தாள், நானும் சிரித்தேன். எல்லோரும் ஒருவர் கை செயலிழந்துகொண்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தோம் என்பது அப்போது தெரியாது.  சிப்ரியன் ஜெயித்த மனிதருக்குரிய தாராளத்துடன், சட்டியைக் கிண்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"பாட்டில் வாங்கிக் குடுக்கணும்னா ஒவ்வொரு தடவையும் மலையில இருந்து எறங்கி வரணுமே மச்சான். கீழ் வீடு சும்மாத்தான் கெடக்கு."

வந்துவிட்டது. யோலாந்த் நீட்டிய ரொட்டித் தட்டு பாதி வழியில் நின்றது. நோர்பேர் சட்டியையே பார்த்தார்.  சீஸில் குமிழி வந்து உடைவது கேட்டது.

"கீழ் வீட்ல வெயில் விழுமா?" என்றார்.

சிப்ரியன் வாயைத் திறப்பதற்குள் யோலாந்த் சொல்லிவிட்டாள். "மத்தியானம் வரைக்கும் விழும் அண்ணே. ஜன்னல்கிட்ட நாற்காலி போட்டிருக்கேன்."

நோர்பேர் தலையசைத்தார். அவ்வளவுதான். கையெழுத்தாகிவிட்டது. யோலாந்த் முதல்முறையாக ஒரு ரொட்டித் துண்டை எடுத்துச் சட்டியில் தோய்த்துச் சாப்பிட்டாள்.

அவள் அதை விழுங்குவதற்குள் நோர்பேரின் இரண்டாவது ரொட்டி விழுந்தது. இந்தமுறை முள்ளும் சேர்ந்து விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. வலது கையை நெஞ்சுக்குழியில் வைத்து அழுத்திக்கொண்டார். முகத்தில் இருந்த சாம்பல் நிறம் உதட்டுக்கும் வந்துவிட்டது.

"என்னமோ கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு" என்றார்.

நான்கு மொழியில் எதில் சொல்லியிருந்தாலும், அந்த மேசையில் அவர் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை அது ஒன்றுதான்.

சிப்ரியனின் முகம் மலர்ந்தது. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் மலர்ந்தது. வெள்ளிப்பை தூக்கிப் பிடிக்கப்பட்ட நாளிலிருந்து அவர் காத்திருந்த தீர்ப்பு, எதிராளி வாயாலேயே வந்துவிட்டது.

"தண்ணி" என்றார்.

பிறகு எழுந்து நின்று விளக்கினார். சொன்னேனா இல்லையா, சீஸ் இறுகிவிட்டது, உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது, இனி அதைக் கிர்ஷ் ஊற்றித்தான் கரைக்க வேண்டும், படுக்கக் கூடாது, நடக்க வேண்டும் என்றார். அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தார். நோர்பேர் கையால் தள்ளினார். தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உன் சீஸில்தான் ஏதோ கோளாறு என்றார்.

"என் சீஸ்லயா? பிளாசித், நீ சொல்லு. நீ பாத்தியா இல்லையா? சொல்லு."

நான் சொன்னேன். எந்தக் கடை, எந்தச் சரிவு, நிலவறையில் எத்தனை மாதம் என்று மனதில் வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். வாஷ்ரேன் கொதிக்கவில்லை என்றும் சொன்னேன். எதிரே ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் பூண்டு எந்த வாக்கில் வெட்டப்பட்டது என்பது வரைக்கும் வந்துவிட்டேன்.

யோலாந்த் மட்டும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்று எழுந்தாள்.

"ஒரு டம்ளர் தண்ணிக்கு டாக்டரா?" என்றார் சிப்ரியன். "நாளைக்கி ஊர்ல என்ன பேசுவாங்கன்னு யோசிச்சியா? க்ரெமோ வீட்டு ஃபாண்டூவத் தின்னுட்டு ஆம்புலன்ஸ்ல போனாங்கன்னு பேசுவாங்க."

"வேணாம் யோலாந்த்" என்றார் நோர்பேரும், பல்லைக் கடித்துக்கொண்டு. "தண்ணி குடிச்சி விழுந்துட்டான்னு இவன் வீடு வீடாப் போயி சொல்லிட்டுத் திரிவான். செத்தாலும் அந்தப் பேச்சு எனக்கு வேணாம்."

ஒன்பது வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. யோலாந்த் பாதி எழுந்தபடி நின்றாள். இரண்டு ஆண்களும் சேர்ந்து வேண்டாம் என்கிற ஒன்றைச் செய்ய அவளுக்கு அந்த வீட்டில் பழக்கமில்லை.

சிப்ரியன் நோர்பேரைத் தூக்கி நிறுத்தினார். அவர் தோளைத் தன் கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மேசையைச் சுற்றி நடக்கவைத்தார். சீஸ் இளகுவதற்கு. அவர் பிடித்திருந்த விதத்தில் அக்கறை இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். "பையப் பைய, மச்சான்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார்கள். மறுபடி போனார்கள். நோர்பேரின் கால் தரையில் இழுபட ஆரம்பித்தது. நாற்காலியில் உட்காரவைத்ததும் சிப்ரியன் மறுபடி கிர்ஷை நீட்டினார். இந்தமுறை நோர்பேர் தள்ளவில்லை. "குடு, தொலையட்டும்" என்று வாங்கி, ஒரே மடக்கில் குடித்தார்.

"இப்ப எறங்கிடும் பாருங்க" என்றார் சிப்ரியன்.

யோலாந்தை அப்போது காணோம். நடையில் தொலைபேசியருகே அவள் குரல் கேட்டது. விலாசத்தை இரண்டு தடவை சொன்னாள். சிப்ரியன் திரும்பிப் பார்த்தார். ஆனால் நோர்பேர் அவர் கையைப் பிடித்திருந்ததால் போகவில்லை.

சட்டியை எல்லோரும் மறந்துவிட்டோம். கரண்டி அதற்குள்ளேயே நின்றது. கருகல் வாடை வந்தது.

"அடி புடிக்குது" என்றார் நோர்பேர். பிறகு தலை தோள்பக்கம் சாய்ந்தது. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மூடுபனியில் ஹெலிகாப்டர் வர முடியாது. ஆம்புலன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து ஒவ்வொரு வளைவாக ஏறி வந்தது; அதன் விளக்கு வரும் முன்னே வெகுநேரம் பனிமட்டும் நீலமாகத் துடித்துக்கொண்டிருந்தது. வந்தவர்கள் அவரைத் தரையில் கிடத்தி, சட்டையைக் கத்தரித்து, நெஞ்சை அழுத்தினார்கள். சிதறிக்கிடந்த ரொட்டித் துண்டுகள் அவர்கள் முழங்காலில் நசுங்கின. யாரோ ஒருவர் கால் பட்டு அந்தத் தண்ணீர் டம்ளர் உருண்டு போனது. கொஞ்ச நேரம் கழித்து அழுத்துவதை நிறுத்தினார்கள்.

வந்த டாக்டர் இளம்பெண். வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாள்.  சிப்ரியன்தான் பதில் சொன்னார். தண்ணீரிலிருந்து ஆரம்பித்து, இறுகியது, கரைத்தது, நடக்கவைத்தது எல்லாவற்றையும் வரிசையாக, ஊராட்சிக் கூட்டத்தில் ஆண்டறிக்கை வாசிப்பதுபோல் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள். நோர்பேரின் கோட்டுப் பையிலிருந்து எடுத்த மாத்திரை டப்பா அவள் கையில் இருந்தது. இது இதயம் என்றாள். ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது; பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தபோதே ஆரம்பித்திருக்கும்; கை பிடி தளர்ந்தபோது நிச்சயம் நடந்துகொண்டிருந்தது; தண்ணீருக்கும் சீஸுக்கும் இதில் ஒரு பங்கும் இல்லை.

"கை தளந்தப்பவே ஒரு போன் போட்டிருந்தா…" என்று ஆரம்பித்தவள் யோலாந்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"அவரு தண்ணி குடிக்காம இருந்திருந்தா?" என்று கேட்டார் சிப்ரியன்.

 அவள் சிப்ரியனுக்கும் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போனாள்.

ஊரில் இரண்டு நாளில் இரண்டு கட்சி உருவானது. தண்ணீர் குடித்ததால்தான் என்றது ஒரு கட்சி. பால்கடைக்குப் போகிறவர்களும் பாடகர் குழுவும் அதில் இருந்தார்கள். கெட்டுப்போன பாக்கெட் சீஸ் என்றது மற்றக் கட்சி. சிப்ரியனுக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்கள் அதில். நான் கண்ணால் பார்த்த சாட்சி என்பதால் இரண்டு பக்கமும் என்னை மடக்கிக் கேட்டார்கள். இதயம் என்று சொன்னேன். இரண்டு கட்சிக்கும் அது பிடிக்கவில்லை. எல்லோரும் கடைசியில் இதயத்தால்தான் சாகிறார்கள், அதற்குக் காரணம் என்ன என்றுதானே கேட்கிறோம் என்றார்கள்.

அடக்கம் முடிந்து, கோயிலடி உணவகத்தில் எல்லோருக்கும் பன்றித்தொடைக் கறியும் உருளைக்கிழங்கும் பரிமாறினார்கள். சிப்ரியன் எழுந்து கோப்பையைத் தட்டினார். தானும் தன் மச்சானும் கடைசி மாலையில் ஒரே சட்டியில் கை நனைத்தோம் என்றார். பல வருடக் கசப்பு ஒரு சட்டிச் சீஸில் கரைந்தது, அதுதான் இந்த மண்ணின் மகிமை, தனித்தனியாகத் தின்கிற உலகத்துக்கு நாம் காட்டும் வழி என்றார். கடைசியில் நோர்பேர் தன் கையாலேயே கிர்ஷை வாங்கிக் குடித்ததைச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. பொய்யாக உடையவில்லை. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தண்ணீர்க் கட்சியிலிருந்து ஒருவர் மட்டும், பார்த்தாயா, கடைசியில் ஒத்துக்கொண்டுவிட்டான் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

யோலாந்த் தட்டைத் தொடவில்லை. அண்ணன் கொண்டுவந்த பேரிக்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சில நாள் கழித்து, அவள் வேலியருகே நின்று என்னைக் கூப்பிட்டாள். பனி விழ ஆரம்பித்திருந்தது. கீழ் அறைகளின் சூடேற்றும் குழாயை அன்று காலைதான் மூடியதாகச் சொன்னாள்; சும்மா ஓடிக்கொண்டிருந்ததாம். பிறகு வேலிமேல் விழுந்திருந்த பனியைக் கையால் தட்டிவிட்டாள்.

"வெயில் விழுமான்னு கேட்டாரு. கேட்டாருல்ல? உங்க காதுல விழுந்துதா?"

விழுந்தது என்றேன். அந்த வீட்டுக்காக நான் சொன்ன சாட்சிகளில் ஒருவருக்காவது தேவைப்பட்டது அது ஒன்றுதான். அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் கணவரோடு சண்டை போடவில்லை. மூன்று வேளையும் சமைத்தாள். டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சிப்ரியன், ஒரு ஃபாண்டூ போடலாமா என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். நோர்பேர் நினைவாக என்றும் சேர்த்திருக்கிறார்.

யோலாந்த் கடைக்குப் போய் மின்சார ராக்லெட் அடுப்பு ஒன்று வாங்கிவந்தாள். அதில் ஆளுக்கொரு சின்னத் தட்டு. அவரவர் சீஸை அவரவர் உருக்கிக்கொள்ளலாம்.